அடக்குமுறை வந்தால் ஒரு நாட்டின் ஆபரா என்ன ஆகும்?

தேவகோட்டையிலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அரசியல் கொந்தளிப்பும் அடக்குமுறையும் ஒரு நாட்டின் ஆபராவை வளர்க்குமா, அழிக்குமா? வெர்டியின் ஒரு பாட்டுதான் இத்தாலியில் விடுதலைத் தீயை மூட்டியது என்று படித்தேன், அது உண்மையா? நம் பக்கம் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் இசை நாடகத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?"

மூன்றையும் சேர்த்தே பேசலாம். ஆபரா என்றால் கதையைப் பாட்டிலேயே நடத்தும் இசை நாடகம், வெர்டி பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியின் ஆபரா இசையமைப்பாளர். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்சி எதில் கை வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வார்த்தையில் மட்டும் கை வைத்தால் ஆபரா தப்பித்துக்கொள்ளும். பாடுகிறவர் மேல் கை வைத்தால் அவர் குடும்பம் தெருவுக்கு வரும், ஆனால் பாட்டு இன்னொரு தொண்டைக்குப் போய்விடும். பணமும் மெட்டும் ஆட்சியின் கைக்குப் போன பிறகுதான் உண்மையான சேதம். அப்போது மேடை முன்பைவிடப் பளபளப்பாகக்கூட இருக்கும். எழுதப்பட்டிருக்க வேண்டியவை எழுதப்படாமலே போகும். "அடக்குமுறை இருந்தால்தான் நல்ல கலை பிறக்கும்" என்று சிலர் சொல்வது வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாத பேரேடு. பிறந்ததை எண்ணுகிறார்கள், பிறக்காமல் போனதை எண்ணுவதில்லை.

சரி, வெர்டிக்கு வருவோம். 'நபுக்கோ' 1842 மார்ச்சில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அரங்கேறியது. மிலான் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் இருந்தது. பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்களின் கதை அது. யூப்ரடீஸ் கரையில் அவர்கள் இழந்த தாய்நாட்டை நினைத்துப் பாடும் கூட்டுப் பாடல் ஒன்று அதில் வரும். முதல் நாளே மக்கள் உணர்ச்சிவசப்பட்டு, ஆஸ்திரியர்களின் தடையையும் மீறி அந்தப் பாட்டை மறுபடி பாடச் சொன்னார்கள் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வந்தார்கள். ரோஜர் பார்க்கர் என்ற இசை வரலாற்றாசிரியர் அந்தக் காலப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தார். அன்றைக்கு மறுபடி கேட்கப்பட்டது அந்தப் பாட்டே இல்லை, ஆபராவின் கடைசியில் வரும் ஒரு துதிப்பாடல். ஆகவே நீங்கள் படித்தது பின்னால் வளர்ந்த கதை. இத்தாலி ஒரே நாடான பிறகு, தாங்கள் கடந்து வந்த காலத்துக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. மக்கள் பின்னோக்கிப் போய் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். 1901-ல் வெர்டியின் உடலை அவர் நிறுவிய இசைக்கலைஞர் இல்லத்துக்கு மாற்றி எடுத்துச் சென்றபோது, இசை நடத்துநர் டோஸ்கனினி நடத்த ஒரு பெரிய பாடகர் குழு பாடியது இதைத்தான்.

கதை பொய் என்றதும் வெர்டிக்கும் அரசியலுக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1849 ஜனவரியில் ரோமில் 'லெஞ்ஞானோ போர்' அரங்கேறியது. ரோமை ஆண்ட போப் ஊரைவிட்டுத் தப்பிப் போயிருந்தார், குடியரசு அறிவிக்கச் சில நாட்களே பாக்கி. 1176-ல் லொம்பார்டி நகரங்கள் ஒன்றுகூடி ஜெர்மானியப் பேரரசன் பார்பரோசாவைத் தோற்கடித்த போர்தான் கதை. இத்தாலிக்கு வாழ்த்துச் சொல்லும் கூட்டுப் பாடலோடு திரை எழும். கடைசி அங்கம் முழுவதையும் மறுபடி நடிக்கச் சொல்லிக் கேட்டது கூட்டம். அதே ஆண்டில் குடியரசு வீழ்ந்தது. அதன் பிறகு அந்த ஆபராவை நடத்த விரும்பியவர்கள் கதையை ஹாலந்துக்கு மாற்றி, 'ஹார்லெம் முற்றுகை' என்று பேர் மாற்றிப் போட வேண்டியிருந்தது.

அப்புறம் 'ரிகோலெட்டோ'. விக்டர் ஹ்யூகோ எழுதிய நாடகம் ஒன்று, ஒரு பிரெஞ்சு அரசனைப் பெண் பித்தனாகக் காட்டியதற்காக 1832-ல் பாரிஸில் ஒரே ஓர் இரவோடு தடை செய்யப்பட்டது. அதை வெர்டி ஆபராவாக்கியபோது வெனிஸில் ஆஸ்திரியத் தணிக்கை அதிகாரிகள் முடியாது என்றார்கள். கூனன் வேண்டாம், சாபம் வேண்டாம், அரசன் வேண்டவே வேண்டாம் என்று இழுபறி. கடைசியில் அரசன் மாந்துவாவின் சிற்றரசன் ஆனான். கூனனும் சாபமும் பிழைத்தன. 1851 மார்ச்சில் அரங்கேறியது.

இந்த ஆபராவின் கடைசிக் காட்சியைக் கேட்டுப் பாருங்கள் தம்பி. தன் மகளைக் கெடுத்த பிரபுவைக் கூலிக்கு ஆள் வைத்துக் கொன்றுவிட்டதாக நினைத்து, ரிகோலெட்டோ ஒரு சாக்கு மூட்டையோடு ஆற்றங்கரையில் நிற்கிறான். தூரத்தில் அந்தப் பிரபு உற்சாகமாகப் பாடிக்கொண்டே போகும் குரல் கேட்கிறது. பெண்களின் மனம் நிலையற்றது என்று சொல்லும் அதே ஜாலிப் பாட்டு. மூட்டைக்குள் இருப்பது தன் மகள் என்று அப்போதுதான் தெரிகிறது. ஆள்கிறவன் பாடிக்கொண்டே தப்பிவிடுவான், பிணம் எளியவன் வீட்டில்தான் விழும். இதை எந்த வசனமும் சொல்லவில்லை, ஒரு மெட்டு திரும்ப வருவதுதான் சொல்கிறது. தணிக்கை அதிகாரி தாளில் படித்தபோது அது வெறும் காதல் பாட்டு. அவர் பட்டத்தைக் குறைத்தார், பாட்டில் அவருக்கு எதுவும் தென்படவில்லை.

1858-ல் நேப்பிள்ஸில் இன்னொரு சண்டை. ஸ்வீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவ் 1792-ல் முகமூடி நடனத்தில் சுடப்பட்ட உண்மைச் சம்பவத்தை வெர்டி எடுத்துக்கொண்டார். அந்த ஜனவரியில்தான் பாரிஸில் மூன்றாம் நெப்போலியன் மீது இத்தாலியரான ஓர்சினி குண்டு வீசியிருந்தார். மேடையில் அரசனைக் கொல்லும் கதைக்கு இடமே இல்லை என்றாகிவிட்டது. வெர்டி ஆபராவைத் தூக்கிக்கொண்டு ரோமுக்குப் போனார். அங்கே அரசர் பாஸ்டன் நகரத்து ஆளுநர் ஆனார். 1859-ல் அரங்கேறியபோது இசை பெரும்பாலும் அப்படியே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் சுவர்களில் 'வெர்டி வாழ்க' என்று எழுதத் தொடங்கினார்கள். அவர் பெயரின் எழுத்துகள், இத்தாலியின் அரசராக மக்கள் விரும்பிய விக்டர் இம்மானுவேலைக் குறிப்பதாகவும் அமைந்திருந்தன. வெறும் பாட்டு ரசிகன் எழுதியது என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

பாட்டு கலவரத்தையே கிளப்பிய சம்பவமும் உண்டு, பிரஸ்ஸல்ஸில் 1830 ஆகஸ்ட் 25. நேப்பிள்ஸ் மீனவர்களின் பழைய கிளர்ச்சியைப் பற்றி பிரெஞ்சு இசையமைப்பாளர் ஓபேர் எழுதிய ஆபரா அன்று இரவு நடந்தது. தாய்நாட்டுப் பாடல் முடிந்ததும் கூட்டம் தெருவில் இறங்கியது, பெல்ஜியம் தனி நாடாகும் வழி அங்கே தொடங்கியது. ஆனால் டச்சு அரசின் மேல் கோபம் ஏற்கெனவே ஊரெல்லாம் இருந்தது. ஆபரா அதற்கு நேரமும் இடமும் கொடுத்தது, அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஆபரா என்றால் பெரிய மாளிகை, வாத்தியக் குழு, அச்சிட்ட பாடல் புத்தகம். நம்மிடம் கொட்டகை, ஆர்மோனியம், மிருதங்கம், பபூன் என்ற கோமாளி. ஆனால் கதையைப் பாட்டிலேயே நடத்தி இரவைக் கழிக்கிற கலை இரண்டும். அடக்குமுறைக்கு எப்படி நடந்துகொண்டன என்பதில் நம்முடையது ஒருபடி மேலே போனது என்பேன்.

பிரிட்டிஷ் அரசின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1876-ல் வந்தது. கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டுப் பெண்கள் பகுதிக்கே அழைத்து வரவேற்ற ஒரு வழக்கறிஞரைக் கேலி செய்து நாடகம் போட்டார்கள். அரசு பதறி, முதலில் அவசரச் சட்டமும் பிறகு முழுச் சட்டமும் கொண்டுவந்தது. அரசுக்கு எதிரான உணர்வைத் தூண்டும் நாடகத்தைத் தடுக்கலாம், எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கலாம், மீறியவர்களைத் தண்டிக்கலாம்.

நம் திருவிழா இசை நாடகமான ஸ்பெஷல் நாடகத்தில் பிரதி எங்கே இருக்கிறது? சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' பாடல்கள் எல்லா நடிகருக்கும் மனப்பாடம். ராஜபார்ட் (கதாநாயகன்) மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் காரைக்குடியிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது, சாயங்காலம் ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதைச் சட்டகம் எல்லாருக்கும் பொது. அதற்குள் எந்த இடத்தில் எந்தப் பாட்டைச் செருகுவது, தர்க்கத்தில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது அந்த இரவில் அந்த ஆளின் கையில். போலீஸுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் 'வள்ளி திருமணம்' என்று இருக்கும். முருகன் கல்யாணத்தை யார் தடுக்க முடியும்?

இதைக் கடைசிவரை பயன்படுத்தியவர் எஸ். எஸ். விஸ்வநாத தாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர், திருமங்கலத்தில் வாழ்ந்தவர், முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் வந்தவர். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டும் கட்டம் எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் அவர் கொக்கைப் பற்றிய ஒரு பாட்டைக் கொண்டுவந்தார். வெள்ளைக் கொக்கு. எங்கிருந்தோ வந்து நம் நிலத்தில் இறங்கித் தின்றுவிட்டுப் போகிற கொக்கு யார் என்று மண்ணில் உட்கார்ந்திருந்த கடைசி ஆளுக்கும் தெரியும். தினைப்புனத்தில் கொக்கு வருவதில் என்ன தப்பு என்று கேட்டால் அதிகாரிக்குப் பதில் இல்லை.

தடுக்கப் பிரதி இல்லாததால் போலீஸ் ஆளைப் பிடித்தது. தாஸ் பலமுறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி மேடை, மறுபடி அதே பாட்டு. புகழின் உச்சியில் இருந்த நடிகர் கையில் காசில்லாமல் கடனில் மூழ்கினார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில், முருகன் வேடத்தில் மயில் வாகனத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அவர் பெயரைச் சொல்லும்போது இன்றைக்கும் பழைய நடிகர்கள் ஒரு கணம் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அப்படிக் கும்பிட வேண்டியவர்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கலை தப்பித்தது, தாஸ் தப்பிக்கவில்லை. மேலே சொன்ன பேரேட்டில் எழுதாமல் விட்ட பற்று இதுதான்.

நம் வட்டாரம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். செட்டிநாட்டில் கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் பணத்தில் பெரும் பகுதி கடல் தாண்டி வந்தது. பர்மா, மலேயா, இலங்கை. கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன குடும்பங்கள் அனுப்பிய பணத்தில்தான் திருப்பணியும் நடந்தது, கொட்டகையும் எழுந்தது. அதே பாதையில் நாடகக் குழுக்களும் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போய்வந்தன. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் முதலில் சேர்ந்து நடித்தது கொழும்பில்தான். பின்னால் இருவரும் காங்கிரஸ் பாட்டுகளைப் பாடியதும், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி நடிகர்களைத் தேடிப் போய் இயக்கத்துக்கு அழைத்ததும் தெரிந்த செய்திகள்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. 1928-ல் பாரதியின் பாடல்களுக்குத் தடை முதலில் வந்தது சென்னையில் இல்லை, பர்மாவில். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே அரசு தடை போட்டதும் அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். சட்டமன்றத்தில் பெரிய விவாதமே நடந்தது. 1919-ல் பாரதி காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தாரோடு இருந்ததையும், தலைப்பாகையும் கையில் தடியுமாக அவர் நிற்கும் படம் இங்கே எடுக்கப்பட்டதையும் நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவருடைய பாட்டுக்குத் தடை வந்ததும் நம்மவர்கள் பெட்டியடி போட்டுத் தொழில் செய்த ஊரிலிருந்துதான். தடையால் என்ன ஆயிற்று? புத்தகத்தைப் பிடித்தார்கள், பாட்டு மேடையில் தொடர்ந்தது. 1947 ஜனவரியில் 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் ஊர் ஊராக ஒலித்தபோது, அந்தப் படம் தயாரானது தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஏவி.எம். ஸ்டுடியோவில். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தம்பி.

பர்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். எங்கள் ஐயா அங்கே கிட்டங்கியில் (நம்மவர்கள் தங்கித் தொழில் செய்த கட்டடம்) இளமையைக் கழித்தவர். இரவு முழுக்க நடக்கும் பர்மியக் கூத்தைப் பற்றி, நம் வள்ளி திருமணத்தைப் பற்றிப் பேசுகிற அதே ஆசையோடு பேசுவார். அங்கே அன்யெயிண்ட் என்று ஒரு வடிவம் உண்டு. ஒரு பெண் ஆடிப் பாடுவார், நடுநடுவே கோமாளிகள் வந்து ஊர்ச் செய்தி முதல் அரசாங்கச் செய்திவரை கிண்டலடிப்பார்கள். நம் பபூனுக்கு இருக்கும் அதே உரிமை. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையானதும், மிச்சமிருந்த நம்மவர்கள் வெறுங்கையோடு திரும்பியதும் செட்டிநாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. அங்கேயே இருந்த கலைஞர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்டதில்லை. மாண்டலேயில் 'மீசைச் சகோதரர்கள்' என்ற குழு இருந்தது. 1996 ஜனவரி 4, பர்மாவின் சுதந்திர தினத்தன்று, ஆங் சான் சூ கியின் வீட்டு வளாகத்தில் ராணுவத் தளபதிகளைக் கிண்டல் செய்தார்கள். குழுவின் பர் பர் லேக்கும் உடன் நடித்த லூ ஜாவுக்கும் ஏழு ஆண்டுச் சிறை. 2001-ல் வெளியே வந்த பிறகும் பர்மிய மக்கள் முன் நடிக்கத் தடை. சொந்த வீட்டு முன்னறையில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டும் நடித்துக் காட்டினார்கள். ஒரு கோமாளியைத் தன் மொழி பேசுகிறவர்களிடமிருந்து பிரித்துவிட்டால், அவர் உயிரோடு இருந்தும் கலை பாதி செத்துவிடுகிறது. சிறையைவிடக் கொடுமையான தண்டனை அது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை சொன்ன ஆட்சிகள் எல்லாம் வெளியிலிருந்து கலையை அடித்தவை. இனிச் சொல்லப்போவது உள்ளே வந்து உட்கார்ந்த ஆட்சிகள்.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் 'மெட்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மக்பெத்' 1934 ஜனவரியில் லெனின்கிராடில் அரங்கேறியது. வணிகர் வீட்டில் வாட்டி எடுக்கப்படும் காத்தரீனா என்ற பெண் மாமனாரையும் கணவனையும் கொன்று, கடைசியில் சைபீரியக் கைதிகளோடு நடந்து போகிற கதை. இரண்டு ஆண்டுகள் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் அரங்கம் நிறைந்து ஓடியது. 1936 ஜனவரி 26 அன்று ஸ்டாலின் பார்க்க வந்தார், முடிவதற்குள் எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் கையெழுத்தில்லாத கட்டுரை: இது இசையே இல்லை, குழப்பம். இந்த விளையாட்டு மோசமாக முடியலாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. அந்த ஆண்டுகளில் மோசமாக முடிவது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஆபரா மேடையைவிட்டு இறங்கியது.

வெனிஸ் அதிகாரியிலிருந்து ஸ்டாலின் எங்கே வேறுபடுகிறார் என்று பாருங்கள். கட்டுரையின் தாக்குதல் பெரும்பாலும் இசையின் மேல்தான்: மெட்டு மனதில் நிற்கவில்லை, சத்தம் முரடாக இருக்கிறது, பாட்டுக்குப் பதில் கூச்சல். பாஸ்டனுக்கோ ஹாலந்துக்கோ கதையை மாற்றித் தப்ப வழியில்லை. நாட்டில் இருக்கிற எல்லா அரங்கமும் அரசுடையது, இன்னொரு ரோம் இல்லை. அப்போது ஷோஸ்டகோவிச்சுக்கு வயது 29. ரஷ்யப் பெண்களைப் பற்றி வரிசையாகச் சில ஆபராக்கள் எழுதத் திட்டமிட்டிருந்தார், இது முதலாவது. அதன் பிறகு 1975-ல் இறக்கும்வரை ஓர் ஆபராவைக்கூட அவர் எழுதி முடிக்கவில்லை. போர்க்காலத்தில் கோகோலின் கதை ஒன்றைத் தொடங்கி நடுவில் விட்டார். லேசான ஓர் ஆபரெட்டா (வசனம் கலந்த வேடிக்கை இசை நாடகம்) எழுதினார். காத்தரீனாவின் கதை திருத்தங்களோடு மேடைக்குத் திரும்ப 1963 ஆயிற்று. அவருடைய சிம்பனிகளை (பெரிய வாத்தியக் குழு இசை) கேட்டு, அடக்குமுறை எவ்வளவு பெரிய கலையைத் தந்தது என்று வியப்பவர்கள் உண்டு. நானும் அந்த சிம்பனிகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவன்தான். ஆனால் நீங்கள் கேட்டது ஆபரா. அந்தக் கணக்கில் 39 ஆண்டுகள் வெறும் பக்கம்.

ஆளையே இல்லாமல் ஆக்கியதும் நடந்தது. இன்னொரு சோவியத் இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் ஆபரா ஒன்றை மேடையேற்றத் தயார் செய்துகொண்டிருந்த இயக்குநர் மேயர்ஹோல்ட் 1939 ஜூனில் கைது செய்யப்பட்டு, அடுத்த பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தலைமுறையின் மேடைக் கற்பனையே அவரோடு போனது.

பழைய ஆபராக்களை அழிக்காமல் உடையை மாற்றினார்கள். கிளிங்காவின் 'ஜார் மன்னனுக்காக உயிர்' 1836-ல் வந்தது. போலந்துப் படையைக் காட்டுக்குள் வழிதவற வைத்து, தன் உயிரைக் கொடுத்து இளம் ஜாரைக் காப்பாற்றும் விவசாயியின் கதை. புரட்சிக்குப் பிறகு இதை எப்படி நடத்துவது? 1939-ல் புதிய பாடல் வரிகள் எழுதி, ஜாரை எடுத்துவிட்டு, விவசாயி தாய்நாட்டுக்காகச் செத்ததாக மாற்றி 'இவான் சுசானின்' என்று பேர் வைத்தார்கள். ரஷ்யாவில் ஆள் மாறி ஆள் ஆண்டாலும் அந்தக் கடைசி வாழ்த்துப் பாடலின் மெட்டு எல்லாருக்கும் தேவைப்பட்டது.

கட்டளைக்குப் பணிந்து எழுதினாலாவது தப்பலாமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. முரதேலி என்பவர் புரட்சியைப் புகழ்ந்தே 'மாபெரும் நட்பு' என்ற ஆபரா எழுதினார். 1948 பிப்ரவரியில் கட்சி மத்தியக்குழு அதையே கண்டித்துத் தீர்மானம் போட்டு, அந்தச் சாக்கில் ஷோஸ்டகோவிச், புரோகோஃபியேவ் உட்படப் பலரையும் சேர்த்து அடித்தது. தீர்மானம் தவறு என்று ஒப்புக்கொள்ளப் பத்தாண்டு ஆயிற்று. புரோகோஃபியேவ் அதற்குள் இறந்துவிட்டார், ஸ்டாலின் இறந்த அதே 1953 மார்ச் 5 அன்று.

சீனாவில் கதை இன்னும் முழுமையாக நடந்தது. பீக்கிங் ஆபராவின் மகா கலைஞர் மெய் லான்ஃபாங், நம் பாஷையில் சொன்னால் ஸ்திரீபார்ட். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், அவர்களுக்காக மேடையேற மறுத்து மீசை வளர்த்துக்கொண்டார். மீசை இருந்தால் பெண் வேடம் கட்ட முடியாதல்லவா? போர் முடிந்த பிறகுதான் மேடைக்குத் திரும்பினார். அந்நிய ஆட்சிக்கு ஒரு மீசையால் பதில் சொல்ல முடிந்த நாட்டில், சொந்த ஆட்சியான மாவோவின் பண்பாட்டுப் புரட்சிக்கு அப்படிப் பதில் சொல்ல வழியில்லாமல் போனது. மெய் லான்ஃபாங் 1961-லேயே இறந்துவிட்டார்.

அந்தப் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியதே ஓர் ஆபராவிலிருந்து என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெய்ஜிங் துணை மேயரும் வரலாற்றாசிரியருமான வூ ஹான், மிங் காலத்து நேர்மையான அதிகாரி ஒருவர் பேரரசரால் பதவி இழப்பதைப் பற்றி 'ஹாய் ருய் பதவி நீக்கம்' எழுதினார். 1961-ல் நடந்தது. மாவோவை எதிர்த்துப் பேசியதால் 1959-ல் பதவி இழந்த பாதுகாப்பு அமைச்சர் பெங் தேஹுவாயைத்தான் மறைமுகமாகச் சொல்கிறது என்று 1965 நவம்பரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பத்தாண்டுப் பேரழிவுக்கு முதல் மணி அதுதான். ஹாய் ருய் வேடம் கட்டிய மா லியான்லியாங் 1966 டிசம்பரில் துன்புறுத்தலுக்கு நடுவே இறந்தார். வூ ஹான் 1969-ல் சிறையில் இறந்தார். நம் தினைப்புனத்துக் கொக்கை எல்லாரும் புரிந்துகொண்டும் யாரும் நிரூபிக்க முடியவில்லை. அங்கே நிரூபிக்கவே தேவையில்லை, சந்தேகமே போதும்.

பிறகு மாவோவின் மனைவி ஜியாங் சிங் மேற்பார்வையில் 'எட்டு முன்மாதிரி நாடகங்கள்' வந்தன. ஐந்து பீக்கிங் ஆபராக்கள், இரண்டு பாலே, ஒரு சிம்பனி. அரசர், தளபதி, அழகி எல்லாம் மேடையிலிருந்து இறங்கினார்கள். தண்டவாளத் தொழிலாளி, கம்யூனிஸ்ட் வீரன், தேநீர்க்கடைப் பெண் ஏறினார்கள். எல்லாப் பாத்திரங்களிலும் நல்லவரை, நல்லவரில் வீரரை, வீரரில் தலையாய வீரரை எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று விதியே எழுதினார்கள். மேற்கத்திய வாத்தியக் குழு பீக்கிங் ஆபராவுக்குள் வந்தது. அந்த எட்டில் ஒன்றான 'சிவப்பு விளக்கு' ஆபராவின் பாடல்களுக்குப் பியானோகூட வாசித்தார்கள். கைத்திறனில் குறையே சொல்ல முடியாது. நாட்டின் தேர்ந்த பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் ஒரே வேலையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் செதுக்கினால் வேறெப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் இன்றும் அந்தப் பாட்டுகளை விரும்பிப் பாடுகிறார்கள், அவர்கள் இளமையின் பாட்டு அது. அதே பாட்டைக் கேட்டதும் அடி வாங்கிய நினைவில் உடல் நடுங்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான கதைகள் கொண்ட ஒரு மரபு, ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கியது. பழைய கதைகள் மேடைக்குத் திரும்பியபோது ஒரு தலைமுறைக்குப் பயிற்சியே இல்லை. மெட்டுகளை வடிவமைத்த யூ ஹுய்யோங் பண்பாட்டு அமைச்சராக உயர்ந்து, மாவோ இறந்த பின் விசாரணையில் இருந்தபோது 1977-ல் தற்கொலை செய்துகொண்டார்.

கேட்பவர்களின் பங்கை ஒரே ஓர் உதாரணத்தோடு சொல்லிவிடுகிறேன். பீத்தோவனின் 'ஃபிதேலியோ' சிறையில் அடைபட்ட கணவனை மனைவி மீட்கும் ஆபரா. 1989 அக்டோபர் 7, கிழக்கு ஜெர்மனியின் 40-ஆவது ஆண்டு நாளில் டிரெஸ்டனில் அதைப் போட்டார்கள். வெளியே போராட்டம், போலீஸ். உள்ளே மேடையில் அந்த நாட்டுச் சிறையையே நினைவூட்டும் முள்வேலி. கைதிகள் வெளிச்சத்துக்கு வந்து பாடியபோது அரங்கம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1805-ல் முதலில் எழுதிய இசைதான். அடுத்த மாதம் பெர்லின் சுவர் திறந்தது.

கடைசியாக, சுதந்திரம் வந்ததும் நம்மிடம் எல்லாம் மாறிவிட்டதா? 1954-ல் சென்னை மாநிலம் தானே ஒரு நாடகச் சட்டம் போட்டது, எம். ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை மனதில் வைத்து. அது இசை நாடகம் இல்லை, ஆனால் பிரதியை முன்கூட்டியே காட்டு என்ற கட்டளை எல்லா மேடைக்கும் வந்து சேர்ந்தது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல்தான் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. வெள்ளைக்காரர் போனபின் அவருடைய சட்டத்தின் நகலோடு அறுபது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வாழ்ந்திருக்கிறோம். இன்றும் பங்குனியில் நாடகம் வைக்க ஊர்க்காரர்கள் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கித்தான் வைக்கிறார்கள்.

இவற்றைக் கேட்க எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். 'ரிகோலெட்டோ'வின் கடைசி அங்கம் முதலில். அப்புறம் 'லேடி மக்பெத்'தின் சைபீரியக் காட்சி, அதில் கைதிகளின் பாட்டை மட்டுமாவது முழுதாகக் கேளுங்கள். பிறகு 'சிவப்பு விளக்கு' படமாகவே கிடைக்கிறது, வெறுப்போடு பார்க்காமல் அந்தப் பாடகர்களின் உழைப்பைப் பாருங்கள். இதற்கிடையில் காரைக்குடியிலோ புதுக்கோட்டையிலோ நாடக நடிகர் சங்கத்துக்குப் போய், வயதான ஆர்மோனியக்காரர் ஒருவரைப் பிடித்து, தினைப்புனக் காட்சியில் அவர் வாசித்த பழைய மெட்டுகளை வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த மெட்டுக்கு எந்த வரியை மாற்றிப் பாடினார்கள் என்றும் கேட்டு எழுதிவையுங்கள். அந்த வரிகள் பெரும்பாலும் அச்சில் இல்லை.